நிழலின் ஓரம்

1

இடுப்பு வலியில் பிறந்த கதை இது. வலி என்னுடையதல்ல, பகலெல்லாம் சிமென்ட் கிடங்கில் மூட்டை ஏற்றிவிட்டு, ராத்திரி தொலைநோக்கி முன்னால் உட்கார்ந்த ஒருத்தியுடையது. மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வலியோடு உட்கார்ந்தால் தூக்கம் அனுமதி கேட்டுக்கொண்டு வராது.

(முதலில் 'கரிக்கிடங்கு' என்றுதான் எழுதினேன். கதையில் வரும் சிறுகோளும் கரி. பொருத்தம் அளவுக்கு மீறிப் போனதால் அடித்துவிட்டேன்.)

2

'எல்லையற்ற இருளில் தன்னந்தனியே அந்தச் சிறுகோள்...'

வேண்டாம். அது தனியாக இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அந்த மாதிரிக் கற்கள் ஏராளம். இது கரி மண்டிய கல்; விழுகிற வெளிச்சத்தை ஏறக்குறைய மொத்தமாக விழுங்கிவிடும். அளவு தெரிய வேண்டுமானால், அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் சில நொடிகளில் அதன் நிழலைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஊர் ஊராக ஆள் உட்கார வேண்டும்: நிழல் விழுகிற ஊரில் நட்சத்திரம் அணைந்து எரியும், விழாத ஊரில் அணையாது. அவள் தம்பி நடத்தும் குழுவில் கடைசி ஓரம் அவளுக்கு.

3

மறுநாள் காலை, சமையலறை.

"அக்கா, உன் பக்கம் நட்சத்திரம் அணைஞ்சுதா?"

"இல்லடா."

"நிச்சயமா?"

"அணையலன்னா நான் என்ன ஊதியா அணைக்கிறது?"

தம்பி சிரித்தான். "அணையாததும் கணக்குதான். நிழல் உனக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. கல்லு நாங்க நெனச்சதவிடச் சின்னது. சாயங்காலம் கணக்க அனுப்பிடுறேன்." அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "கண்ணச் சுத்தி வட்டம் பதிஞ்சிருக்கு பாரு. அப்படி ஒட்டிக்கிட்டுப் பாத்திருக்க!"

அவள் தடவிப் பார்த்தாள். பள்ளம் ஆழமாக இருந்தது. விழித்திருக்கிறவள் கண்ணை ஒட்டித்தான் வைப்பாள். தலையின் பாரத்தை மொத்தமாகச் சாய்ப்பவள் தூங்குகிறவள்.

4

(இங்கே அவளை ஓர் உத்தமியாக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

தூங்கியிருக்கலாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை தொலைநோக்கி வேறு ஆளுக்குப் போகும். உடம்பைக் கேட்காமல் கண்ணை மட்டும் அவளிடம் கேட்ட இடம் அது ஒன்றுதான்.

சொல்லாவிட்டால்? கல்லுக்கு ஒரு நட்டமும் இல்லை. அது பாட்டுக்குச் சுற்றும். எங்கோ ஓர் அட்டவணையில் மட்டும், இருப்பதைவிடச் சின்னதாக.

5

இரண்டு முடிவும் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். அவளுக்கே தெரியாததை நான் எப்படித் தெரிந்த மாதிரி எழுத? வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். ஆனால் ஒரு நாள் மூட்டை தூக்கிவிட்டு வந்து எழுதுங்கள்.

தம்பி கிளம்பிக்கொண்டிருக்கிறான்.

"டேய், இரு."

"என்னக்கா?"

நட்சத்திரம் அணைய வேண்டிய நேரத்தில் அவள் கண் திறந்திருந்ததா? அந்தப் பதில் இன்னும் பாக்கி.