லோஷினியின் செக்ரோல்

லோஷினியை வளர்க்க யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு, தம்போய் டவுனில் செல்லத்தின் அடுக்குமாடி வீட்டில் ஒரு வருடமாக எளிய விடை இருந்தது. தாய் இறந்தபின், தகப்பன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் வெள்ளத்தில் எட்டு வயதுப் பிள்ளை வீட்டில் தனியாக அகப்பட்டுக்கொண்டதால், நீதிமன்றம் அவளைச் செல்லத்திடம் ஒப்படைத்திருந்தது. செல்லம் தொழிற்சாலையில் வேலை செய்பவள், பிள்ளைக்கு உறவில்லை. தகப்பன் மணியம் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மாதத்தின் முதல் ஞாயிறு பஸ் ஏறி வருவார், செல்லத்தின் கையில் செலவுக்கு நூற்றைம்பது வெள்ளி கொடுப்பார், மாலைவரை மகளோடு இருப்பார். மீதிச் செலவு செல்லத்துடையது.

பிறகு அரசு உதவித்தொகை கிடைத்தது. நல அதிகாரி பிரவீனா கொண்டுவந்த கடிதத்தைச் செல்லம் இரண்டு முறை படித்தாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளையை வீட்டைவிட்டு எடுத்தது நீதிமன்றம். ஆகவே அவள் சோற்றுக்கும் படிப்புக்கும் அரசு பொறுப்பேற்று, வளர்ப்பவளின் கணக்கில் மாதாமாதம் பணம் போடும். தகப்பனுக்குக் கட்டாயமில்லை.

அந்த மாதம் மணியம் பணத்தை நீட்டியபோது அவருடைய சட்டைக் காலர் கிழிந்திருப்பதைச் செல்லம் பார்த்தாள்.

"வேணாம்ணே. இனிமே கவர்மெண்டே குடுக்குது. ஒங்க பேரு இதுல இல்ல, நிம்மதியா இருங்க."

மணியம் கடிதத்தை வாங்கி, மலாய் வரிகளில் விரலை ஓட்டி மகளின் பேரைக் கண்டுபிடித்தார். தன் பேரைத் தேடினார். பிறகு "சரி தங்கச்சி" என்றார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அந்த ஞாயிறுகளில் லோஷினி காலையில் போட்ட பின்னலை மாலையில் தானே அவிழ்த்தாள்.

"அக்கா, கேஸ் அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வருது" என்றாள் பிரவீனா. "அப்பா வரலன்னு நான் ரிப்போர்ட்டுல எழுதுனா, பிள்ளைய அவர்கிட்ட திருப்பி அனுப்புற பேச்சே அப்புறம் எழாது."

"நல்ல மனுசன் மிஸ் அவரு."

"அத எழுத எடமில்ல லா. வந்தாரா, வரலையா, அவ்வளவுதான்."

அந்த ஞாயிறே செல்லம் தோட்டத்துக்குப் போனாள். மணியம் வாசலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே வரல?"

"பேர வெட்டுனப்புறம் எப்படி வர்றது?"

"யாரு வெட்டுனா?"

"நீதான சொன்ன, பேரு இல்லன்னு."

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஒவ்வொரு பேருக்கும் நேரே அடையாளம் போடுவார். பேரு இருந்தால் வேலை. வேலை இருந்தால் வீடு. பேரை வெட்டிவிட்டால் யாரும் திட்டவோ துரத்தவோ தேவையில்லை. ஆள் தானே சாமான் கட்டிக் கிளம்பிவிடுவார். மணியத்தின் தகப்பன் அப்படித்தான் ஒரு தோட்டத்தைவிட்டுப் போனார். மகளுக்குப் பணம் கொடுத்த ஒவ்வொரு மாதமும் தன் பேருக்கு நேரே ஓர் அடையாளம் விழுந்ததாகவே மணியம் நினைத்திருந்தார். டவுனில் பிறந்த செல்லத்துக்கு இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"அது காசு யாரு கட்டுறாங்கங்கிற பேப்பருண்ணே. அப்பா யாருங்கிற பேப்பரு இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இந்த மனிதர் வெறுங்கையோடு வரமாட்டார் என்பது செல்லத்துக்குப் புரிந்தது. அவர் பாரத்தைக் குறைப்பதாக நினைத்து அவள் எடுத்துவிட்டது, அவர் உள்ளே வருவதற்கான வழியை.

"அரிசியையும் வாடகையையும் கவர்மெண்டு பாக்கட்டும்" என்றாள். "சப்பாத்து ஒங்க பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் காலுல போடுற கறுப்பு சப்பாத்து. பிரவீனா மிஸ்கிட்ட சொல்லி ஒங்க பேர எழுதச் சொல்றேன்."

"என்னா நம்பரு?"

முப்பத்திரண்டு. வாய்வரை வந்ததைச் செல்லம் விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாது. காலு வளந்துகிட்டே இருக்கு. நீங்கதான் கூட்டிட்டுப் போயி போட்டுப் பாக்கணும்."

மணியம் அரிவாளைச் சுவரோரம் சாய்த்தார்.

"ஒங்க வீட்டுப் பக்கம் ஸ்கூடாய்ல சப்பாத்து கட இன்னிக்குத் தொறந்திருக்குமா?"

"ஒம்போது மணி வரைக்கும்ணே."

அவர் சட்டை மாற்ற உள்ளே போனார்.