ஐந்தாவது இடம்

என் தம்பி மேக்ஸ்வெல் காணாமல் போன ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. ‘அங்கே’ என்போம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வரைபடத்தில் கரை கிழிந்த காகிதம் போலத் தெரியும் இடத்தில் இருக்கிறது அது. ஆறு மாதப் படிப்புக்காகப் போயிருந்தான். ஜூலைக் கடைசியில் நானும் மம்மியும் போய்ப் பார்ப்பதாக இருந்தது. பூன் லேயில் இருக்கும் எங்கள் வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் பயணச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

நாங்கள் வருவது உறுதியானதும் குடும்பக் குழுவில் ஒரு பட்டியல் அனுப்பினான். கோடையில் நீந்த ஐந்து இடங்கள்.

“ஒண்ணு, ஊர்க் குளம். கூரைக்கு உள்ள, வெதுவெதுன்னு இருக்கும், மம்மிக்கு ஓகே. ஆகஸ்ட்ல ரிப்பேருக்கு மூடிடுவாங்க. ரெண்டு, ஏரி. மேல சூடு, முட்டிக்குக் கீழ ஃபிரிட்ஜ். மூணு, பழைய கல்குவாரி. தண்ணி கறுப்பு, அக்கா படிக்கிற நாவல் மாதிரி இருக்கும். நாலு, அலை ஏறும்போது கடல் தண்ணி வந்து நிறையுற பாறைக்குளம். வெயில்ல காஞ்ச பாறை தண்ணியைச் சுட வெச்சிடும். அஞ்சு, கடல். ஜூலைலயே பதிமூணு டிகிரி. காலை வெச்சேன், எலும்பு வலிச்சுது. இங்க மட்டும் நான் இறங்க மாட்டேன் லா.”

மம்மி அதை அச்செடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ஐந்தாவதின் கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு.

அவனுடைய சைக்கிள் ஒரு சாலைப் பிரிவில் கிடைத்தது. இடப்பக்கம் போனால் ஏரி, வலப்பக்கம் போனால் கடல். கைத்தொலைபேசி கிடைக்கவில்லை. அவனும் கிடைக்கவில்லை. அங்கே போலீசார் கடலில் தேடினார்கள். “தப்பான இடத்துல தேடுறாங்க” என்று மம்மி தூதரகத்துக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தாள். “கடலுக்குப் போக மாட்டேன்னு அவனே எழுதியிருக்கான். என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்.”

அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் அவன் மனதை மாற்றினேன்.

சின்ன வயதில் எங்கள் வட்டார நீச்சல் குளத்தில் மேக்ஸ் எப்போதும் படி வழியாகத்தான் இறங்குவான். ஒரு படிக்கு ஒரு நிமிடம். முட்டி, இடுப்பு, நெஞ்சு. அதற்குள் நான் இரண்டு முறை குதித்து ஏறியிருப்பேன். “தாத்தா வராரு, வழி விடுங்க!” என்று கத்துவேன். “ஒரே குதிடா, பழகிடும்!” மழை பெய்த மறுநாள் காலையிலும் எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவுதான். ஒரே குதி, மூன்று மூச்சு, பழகிவிடும். வேறு விதமான தண்ணீர் உண்டு என்று எனக்குத் தெரியாது. வடக்குக் கடல்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில். அவற்றில் குளிர்ந்த கடலில் இறங்கியவர்கள் ஏதோ ஒரு தெளிவோடு கரையேறினார்கள். முதல் அதிர்ச்சியில் உடம்பு தானாக வாயைத் திறந்து மூச்சை இழுக்கும், அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருக்கும் என்று யாரும் எழுதவில்லை. அதைப் பிறகுதான் வேறு இடத்தில் படித்தேன்.

தஞ்சோங் பகாரில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போகும் காலை ரயிலில் நின்றுகொண்டு அவனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். “நாலு முடிச்சிட்ட. அஞ்சாவது யாருக்கு, தாத்தா? ஒரே குதி, பழகிடும்.” அங்கே முந்தின நாள் மாலை. உடனே பதில் வந்தது. “சரி பாட்டி. வீடியோ அனுப்பறேன், பாரு.”

அந்த வீடியோ வரவில்லை.

ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்தின் அதே நீச்சல் குளத்துக்குப் போகிறேன். ஆறாவது நீச்சல் பாதையில், ஆழமான முனைக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீருக்குள் ஒரு குளிர்ந்த இடம் இருக்கிறது. ஓர் ஆள் படுக்கும் நீளம். அதைக் கடக்கும்போது எலும்பு வலிக்கும். உயிர்காப்பாளர் ரிஸ்வானிடம் கேட்டேன். “மழைக்காலம் லா சிஸ்டர், அப்படித்தான்” என்றார். ஆனால் அப்போது மழைக்காலம் தொடங்கியிருக்கவில்லை. அடுத்த வாரம் அந்த இடம் சுவரைவிட்டு நான்கு ஐந்து அடி தள்ளி வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். படிகளை நோக்கி, அவசரமே இல்லாமல்.

நவம்பர் வந்தது. எங்கள் கோயிலில் அது ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஒரு பெரிய புத்தகத்தில் சேர்த்துப் பீடத்தருகே வைப்பார்கள். மாதம் முழுக்க பூசையில் அவர்களுக்காக ஜெபம் நடக்கும். சனிக்கிழமை காலை நானும் மம்மியும் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். மம்மி மாதாமாதம் மேக்ஸ் பெயரில் பூசைக்கு எழுதிக் கொடுப்பாள். சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. இருப்பவர்களுக்கு ‘வேண்டுதல்’, இறந்தவர்களுக்கு ‘ஆன்ம இளைப்பாற்றி’. அவள் எப்போதும் முதல் கட்டத்தில் குறியிடுவாள்.

அலுவலகத்தில் இருந்த இயேசுதாசன் அங்கிள் இன்னொரு சீட்டை மேசைமேல் மம்மி பக்கம் மெதுவாக நகர்த்தினார். “உர்சுலா, புத்தகத்துக்கு நாளையோட கடைசி. நான் ஒண்ணும் சொல்லலை. யோசிச்சுப் பாரும்மா.”

“உயிரோட இருக்கறவன் பேரை எந்தப் புத்தகத்துல எழுதுவீங்க?” மம்மி ஜெபப் புத்தகத்தைத் திறந்து பட்டியலை அவர் முன் விரித்தாள். “இதைப் படிங்க. கடைசி வரி.”

“போன மாசமும் படிச்சேன்மா.”

“இன்னொரு தரம் படிங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே படித்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே வந்து, கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தேன். எலும்பு வலித்தது. நெற்றிக்குக் கொண்டுபோவதற்குள் விரல் நுனி வெளுத்திருந்தது. மேக்ஸ் குளத்தைவிட்டு வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தேன். படி இறங்கிய மாதிரியே படி ஏறி, என்னிடம் வந்துகொண்டிருக்கிறான்.

தேக்கா உணவங்காடியில் மம்மி எனக்குத் தோசையும் தனக்குத் தேத்தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இயேசுதாசன் அங்கிள் கொடுத்த சீட்டு, எழுதப்படாமல், அவள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கும் புரியலை பாரு” என்றாள்.

“மம்மி. மேக்ஸ் கடலுக்குத்தான் போனான்.”

“நீயுமா?”

“நான்தான் போகச் சொன்னேன்.”

கைத்தொலைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினேன். மம்மி அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து படித்தாள். பக்கத்து மேசையில் யாரோ சர்க்கரை கம்மியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதை யாருக்கெல்லாம் சொல்லியிருக்க?”

“அங்க உள்ள போலீசுக்கு மட்டும்.”

“எப்போ?”

“மூணாவது நாள். மாடிப்படியில நின்னு. இங்கிலீஷ்ல சொல்ல முடிஞ்சுது.”

“அதான் கடல்ல தேடினாங்களா?”

தலையசைத்தேன்.

“நாலு மாசமா நான் ஏரியைத் தேடுங்க ஏரியைத் தேடுங்கன்னு கத்திக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துல உட்கார்ந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்த.” குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம். “அவன் படி இறங்கிப் போற பிள்ளைடி, செரினா. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொன்னியா?”

குளத்தில் இருக்கும் அந்தக் குளிர்ந்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். தீர்த்தத் தொட்டியைப் பற்றியும் சொன்னேன். பைத்தியம் என்பாள், அல்லது கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். மம்மி தேத்தண்ணீரைக் கடைசிவரை குடித்தாள்.

“கூட்டிட்டுப் போ” என்றாள்.

நடுவில் வீட்டுக்கு ஏறிப்போய் ஒன்றை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டாள். குளத்துக்கு வந்தபோது மணி மூன்று. வானம் தாழ்ந்து கறுத்திருந்தது. மம்மி செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, குளத்தின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்கு மூட்டுவலி. ஆறாவது பாதையின் முனையில் காலை விட்டாள்.

“இங்க இல்லையே.”

நகர்ந்து நகர்ந்து வந்தாள். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். நான் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. படிகளுக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த மூலையில், அவள் கால் சட்டென்று உதறியது. வெளியே எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

“எலும்பு வலிக்குது” என்றாள்.

அப்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. பிள்ளைகள் முனகிக்கொண்டே ஏறினார்கள். ரிஸ்வான் விசிலோடு எங்களிடம் வந்தார். “ஆன்ட்டி, மின்னல். காலை எடுத்துட்டு உள்ள வாங்க.”

“எல்லாரும் ஏறணுமா தம்பி?”

“எல்லாரும்தான் ஆன்ட்டி. யாரும் தண்ணியில இருக்கக் கூடாது.”

மம்மி குனிந்தாள். முகம் கிட்டத்தட்ட தண்ணீரைத் தொட்டது. “கேட்டியா மேக்ஸ்? எல்லாரும் ஏறணுமாம். மெதுவா ஏறு. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க.” உள்ளங்கையை மேலே காட்டிக் கையைத் தண்ணீருக்குள் நீட்டினாள். ரிஸ்வான் என்னைப் பார்த்தார். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு படிக்கு ஒரு நிமிடம் ஆகும் அளவுக்கு மம்மி அப்படியே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள். பைக்குள்ளிருந்து மேக்ஸின் பழைய நீலத் துண்டை எடுத்து அந்த இடத்தில் விரித்தாள். அதன் பிறகு சீட்டை எடுத்து மடியில் வைத்து, பெயரை எழுதினாள். மேக்ஸ்வெல். பேனா அடுத்த வரியில் நின்றது. இறந்த தேதி என்று இருந்தது.

“எந்த நாள்?” என்றாள். இன்னும் என்னைப் பார்க்கவில்லை. “உனக்குத்தானே தெரியும்.”

“ஜூலை பதினொண்ணு. அங்க சாயங்காலம்.”

எழுதினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் துண்டின் ஓரத்தில் பட்டது. துண்டு ஈரமாகிக்கொண்டிருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை.