ஒரு வீட்டுக் கூழ் இன்னும் வரவில்லை

ஆடி வெள்ளியாகப் பார்த்து வீடியோ காலில் அழைத்த ஜானகிராமனைச் சொல்லிக் குற்றமில்லை. ஐ.டி. கம்பெனி மேலாளருக்குத் திருமுல்லைவாயிலில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பது எப்படித் தெரியும்? எல்லாரும் சிறுசேரி ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. முடியாதவர்கள் அவரிடம் காரணம் சொல்லி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். மோகனப்பிரியாவின் காரணம் தூளியில் தூங்கியது. இன்னும் பால்குடி மறக்காத பெண் குழந்தை. சிறுசேரிக்குப் போனால் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும்.

கதவுக்குத் தாழ் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

"வீட்டுல தொந்தரவு ஏதும் இல்லையே?" என்றார் ஜானகிராமன்.

"இல்ல சார். ரொம்ப அமைதியான தெரு."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே ஸ்பீக்கர் அலறியது. "கோபி ஊட்டுக் கூழு இன்னும் வர்ல! மருமவப்பொண்ணு ஊட்ல சும்மாதான் கீது, எத்துகினு வரச் சொல்லுங்கப்பா!"

மைக்கில் அவள் கணவன் கோபியின் பெரியப்பா டில்லிபாபு. எல்லா வீட்டுக் கூழும் அண்டாவில் சேர்ந்தால்தான் அம்மனுக்குப் படையல். மருமகள் கொண்டுவருவாள் என்று மாமியார் வேம்புலியம்மாள் அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருந்தாள்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. மாமியார்தான். "இன்னாம்மே, ஊரே காத்துகினு கீது! அந்தப் பொட்டிய மூடிட்டு வா. ஊட்லதான கீற!"

ஜானகிராமன் கெட்ட மனிதர் இல்லை, சிரித்துவிட்டார். "பரவாயில்லம்மா. வேலை நேரத்துல யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அனுமதி வாங்கித் தர்றேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். பூசாரி கதவை இடித்துக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் வந்தாலும், விருந்தாளி வந்தாலும், இதே இடிதான். ஒரு பொய் சொன்னால் குழந்தை மடியிலேயே இருக்கும். ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது.

"கூப்பிடுவாங்க சார். தினமும் கூப்பிடுவாங்க. நான் திங்கக்கிழமை ஆபீஸுக்கே வந்துடுறேன்."

தாழைத் திறந்தாள். வேம்புலியம்மாள் வேப்பிலை கட்டிய பானையை நீட்டினாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸ் போறேன் அத்தே. பகலெல்லாம் புள்ள உங்ககிட்டதான்."

"அய்ய, பாலுக்கு இன்னாம்மா பண்ணுவ?" இந்த முறை அதட்டல் இல்லை, நிஜமாகவே பதறிக் கேட்டாள்.

மோகனப்பிரியா பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தூளிப் பக்கம் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.