சொன்ன பக்கம் திரும்பிய புகை

மறுபடியும் புகை கதாநாயகியின் முகத்தை விழுங்கிவிட்டது. லத்தீபா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள்.

தனுஷ்கோடி மணலில் ஒரு நடிகையை மட்டும் நிறுத்திப் படம்பிடித்திருந்தார்கள். புயலுக்கு முந்திய ஸ்டேஷனையும் ரயிலையும் சென்னையில் கம்ப்யூட்டரில் செய்துவிட்டார்கள். எஞ்சின் புகை மட்டும் லத்தீபாவிடம் வந்திருந்தது. அது பிளாட்பாரத்தை ஒட்டி ஊர்ந்து வந்து நடிகையை மறைக்க வேண்டும்; அவள் திரும்பும் கணத்தில் விலகி முகத்தைக் காட்ட வேண்டும்.

புகையை யாரும் வரைவதில்லை. எங்கே கிளம்புகிறது, எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் காற்று என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தானே நகர்த்தும். சின்ன அளவில் ஓடவிட்டால் அது சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் சுருளே இல்லாமல் பஞ்சு மூட்டைபோல் மொழுக்கென்று இருந்தது. சினிமாத் திரைக்கு வேண்டிய நுணுக்கத்தில் ஓடவிட்டாலோ, அதே காற்றுக்கு வேறு பாதையில் போனது. காற்றைக் கூட்டினால் சிதறியது, குறைத்தால் வானத்துக்கு ஏறியது.

சென்னையில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த வீரபத்திரன் போனில் வந்தார். அவள் கல்யாணமாகி ராமநாதபுரம் வந்தபோது, "ஊர்ல உக்காந்துலாம் இந்த வேலை ஆகாதும்மா" என்று சொன்னவர். அவள் விடாமல் கேட்டதால்தான் இந்த ஒரு காட்சியைக் கொடுத்திருந்தார்.

"விட்டுரும்மா. பழைய ரயில் புகை ஒண்ணு இருக்கு, எடுத்து ஒட்டிக்கிறேன். நாளைக்கு டைரக்டர் பார்க்கிறாரு."

"ஒட்டுனா ஒட்டுனதுன்னு தெரியும் சார். நாளைக்குத்தான பார்க்குறாக? அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

போனை வைத்ததும் மருதுபாண்டி அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த கல்யாண வீடியோ கடை அவருடையது. பின்னறையையும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் அவளுக்கு விட்டிருந்தார்.

"அவகதான் வேணாங்கிறாகளே தாயி?"

"இதை விட்டா, இனிமே நான் ஒங்க ஆல்பத்துக்குப் பூ ஒட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதாண்ணே."

அவர் டீ வாங்கப் போனார். லத்தீபா இரண்டு புகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். மொழுக்கென்று இருந்த புகை சரியாக வந்து, சரியாக மறைத்து, சரியாக விலகியது. இதில் நடையில் ஒரு குறையும் இல்லை, சுருள்தான் இல்லை. பிறகு எதற்காகப் பெரியதை முதலிலிருந்து நடக்கச் சொல்கிறேன்? சின்னதே நடக்கட்டும், சுருள்களை அதன்மேல் ஏற்றினால் போதாதா? அப்படிச் செய்ய முடியும் என்று வெளிநாட்டில் யாரோ எழுதியிருந்ததை நெட்டில் படித்திருந்தாள். அப்போது கணக்குகள் மிரட்டின. இப்போது எந்தக் கணக்கு எதற்கென்று தெரிந்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

எழுதி முடித்து ஓடவிட்டதும் கரண்டு போனது. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்கவே அப்படித்தான்.

மருதுபாண்டி பைக்கை எடுத்தார். சற்று நேரத்தில், மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் விடும் உக்கிரபாண்டி வண்டியோடு வந்து நின்றார்.

"யாருக்குண்ணே கல்யாணம்?"

"புகைக்குய்யா. கேபிளைப் போடு" என்றார் மருதுபாண்டி.

தெருவே அதிரும் சத்தத்தில் கணக்கு ஓடியது. மறுநாள் காலை லத்தீபா கடைக்கு வந்தபோது அது முடிந்திருந்தது. ஓடவிட்டாள். கரும்புகை சுருள் சுருளாகப் பிளாட்பாரத்தில் புரண்டு வந்தது. பெண்ணை மூடியது. அவள் தலை திரும்பியது. கன்னத்தோரம் ஒரு இழை மட்டும் ஒட்டி நிற்க, புகை இரண்டாகப் பிரிந்தது.

"யா அல்லாஹ்" என்று லத்தீபா வாய்விட்டே சொன்னாள். மருதுபாண்டி கையிலிருந்த டம்ளரை வைக்க மறந்து நின்றார்.

சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டைரக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தாரு" என்றார் வீரபத்திரன். "எந்தக் காலத்து ஃபிலிம்லேர்ந்து எடுத்தீங்கன்னு கேட்டாரு. எடுக்கல சார், ராமநாதபுரத்துல ஒரு பொண்ணு பண்ணுச்சுன்னேன். அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. மிச்சப் புகை எல்லாம் உனக்குத்தான்."

"டைட்டில்ல பேரு வரணும் சார். லத்தீபா, ராமநாதபுரம்னு."

"போட்டுடலாம்."

மருதுபாண்டி வாசலுக்கு ஓடி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லத்தீபா அடுத்த காட்சியைத் திறந்தாள். இலங்கைக்குக் கிளம்பும் கப்பல். அதன் புகைபோக்கியில் காற்று எதுவும் கொடுக்காமல், முதல் புகையை விட்டுப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு சிறு முடிச்சு எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கடலுக்குமேல் நின்றது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மவுஸில் கை வைத்தாள்.