பாதியில் பாதி

அப்பாவின் உதட்டோரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை பாதியில் நின்றுவிட்டது. துணியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. காலையில் அவள் கையால் கொடுத்த மாத்திரையின் மிச்சம். அப்பா போய் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"டெய்லரம்மா, நீ எழுந்திரு. டாக்டர் வர்ற நேரம். முகத்தைக் கழுவிட்டு வா" என்றான் அண்ணன். வீட்டில் தையல் மெஷின் போட்டு நாலு காசு பார்ப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மாதான்.

அவள் எழுந்தாள்.

முந்தாநாள் மருந்துக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். "பழைய மாத்திரை வரலைம்மா. டாக்டரைக் கேட்டுத்தான் தர்றேன், இது ரெண்டு மடங்கு பவர். இத்தனை நாளும் பாதி கொடுத்தீங்க இல்லையா, இனிமே பாதியில பாதி. இதய மாத்திரை, கூடிடக் கூடாது." வீட்டுக்கு வந்ததும் அவளே அண்ணியிடம் ஒரு வார்த்தை பிசகாமல் அதைச் சொன்னாள். சொன்னவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? மூன்று மாதமாகப் பாதி பாதியாக வெட்டிப் பழகிய கை. இன்று காலை என்ன வெட்டியது?

அவள் ஒன்றும் கணக்குத் தெரியாதவள் இல்லை. அப்பா மரக்கடையில் அளவுக்காரராக இருந்தவர். அரைக்கால் இன்ச் பிசகினால் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவார். இவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவனையே, "ஒன்பதே கால்ல மூணே முக்கால் போனா எவ்வளவு தம்பி?" என்று கேட்டுத் தொலைத்தார். அவன் ஆறு என்றான். வந்த வழியே போய்ச் சேர்ந்தான். அஞ்சரை என்று கதவுக்குப் பின்னால் முணுமுணுத்தவள் இவள்தான்.

சமையலறை அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடி திறக்க மாட்டேன் என்றது. நேற்றுக் காலை இவள், ராத்திரி அண்ணி, இன்று காலை மறுபடி இவள். மூன்று வேளை, மூன்று கால். முக்கால் மாத்திரைதான் போயிருக்க வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் ஒன்பது முழுசாக இருக்க வேண்டும், டப்பாவில் ஒரு கால் துண்டு கிடக்க வேண்டும். கடவுளே, அப்படியே இருக்கட்டும்.

அட்டையில் எட்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். எட்டேதான். டப்பாவில் ஒரு பாதியும் ஒரு காலும் கிடந்தன.

பத்தில் எட்டே முக்கால் போனால் ஒன்றே கால். அண்ணி கொடுத்தது கால். மீதி ஒன்று இவள் கணக்கு. டப்பாவை மேடையில் வைத்தாள்.

"எண்ணிட்டியா?"

வாசலில் அண்ணி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அண்ணி... நான்..."

"கத்தாதே." அண்ணி கதவைச் சாத்தினாள். அவள் முகமும் வெளிறித்தான் கிடந்தது. "ராத்திரியே பார்த்தேன். டப்பாவில முக்கால் இருக்கணும், பாதிதான் இருந்துச்சு. சரி, வெட்டும்போது சிதறியிருக்கும்னு நினைச்சேன். உன்னைக் கேக்கலாம்னுதான் வந்தேன். எனக்குச் சொல்ல வந்துட்டீங்களாக்கும்னு எரிஞ்சு விழுவியேன்னு பேசாம போய்ப் படுத்துட்டேன்."

அண்ணி டப்பாவை எடுத்து மூடினாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டார். நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே" என்றாள் அண்ணி.

வெளியே டாக்டரின் குரல் கேட்டது.

டாக்டர் அப்பாவின் மார்பில் குழாயை வைத்தார், கண்ணைப் பிரித்துப் பார்த்தார், கட்டிலோரம் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். "பலவீனமான இதயம். எதிர்பார்த்ததுதான்" என்றார். அண்ணன் தலையாட்டிவிட்டு நாற்காலி எடுக்க வெளியே போனான். "புது மாத்திரை எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கால் டாக்டர். மூணு வேளையும் கால்தான்" என்றாள் அண்ணி, கொஞ்சமும் தடுமாறாமல்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான், தப்பித்தாகிவிட்டது. இனி யாரும் கேட்கப்போவதில்லை. பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் லேசாகத் திறந்தே இருந்தது, தப்பாக அளந்துவிட்ட பலகையைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி.

"இல்ல டாக்டர்." தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நான் கால் கொடுக்கலை. பாதி கொடுத்தேன்."

அண்ணி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் நிமிர்ந்தார்.

"எத்தனை வேளை?"

"ரெண்டு."

"ரெண்டு பாதி..." என்று இழுத்தார் டாக்டர், சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல.

"ஒண்ணு" என்றாள் அவள். "முழு மாத்திரை."

வருகிறவர்கள் உட்கார நாற்காலி தூக்கிக்கொண்டு வந்த அண்ணன், அதைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.