மல்லாந்து பார்த்த முகங்கள்

ரோலரை வெள்ளையில் முக்கி, தட்டில் இரண்டு தரம் உருட்டி, ஏணியில் ஏறிக் கூரையின் மூலையில் முதல் பட்டையை இழுத்துவிட்டான். பெயிண்ட் கான்ட்ராக்டரான அவனுக்கு அம்மாவின் அறைக் கூரையெல்லாம் ஒரு மணி நேர வேலை. அம்மா காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தாள். பதினொரு மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் இந்தக் கண்ராவியை மறைத்தாக வேண்டும்.

சித்திதான் முதலில் ஆரம்பித்தாள். “முப்பது வருஷம் டிராயிங் டீச்சரா இருந்தவ. அத்தன பேரும் வரப் போறாங்க. இதப் பாத்தா, கடைசியில அவளுக்குப் புத்தி பிசகிப் போச்சுன்னுதான் பேசுவாங்க. அவ மானத்தக் காப்பாத்துப்பா.”

அவனுக்கும் அதே பயம்தான். பெற்றவளைப் பைத்தியம் என்று நாலு பேர் சொல்லிக் கேட்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? கூரை முழுக்க அம்மாவின் கைவேலை, பழுப்பும் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக அப்பிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இதற்கு அவனும் உடந்தை. அம்மா வகுப்பில் பாடத்தை விடக் கதைதான் அதிகம் சொல்லுவாள். காது போன பிறகு இசை எழுதியவன், கண் மங்கிய பிறகு குளத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவன், குண்டு விழுந்த ஊரைச் சுவரளவு துணியில் தீட்டியவன் என்று வரிசையாக எடுத்து விடுவாள். “எல்லாம் சரி, நீ எப்பம்மா வரையப் போறே?” என்று இவன் சீண்டுவான். “எனக்கு எங்கடா கஷ்டகாலம் வந்துச்சு? வேளாவேளைக்குச் சோறு கிடைக்குது” என்று சிரிப்பாள். முதுகெலும்பில் நோய் இறங்கி, இனி எழுந்து உட்காரவே முடியாது என்று டாக்டர் கைவிரித்த அன்று இவனைக் கூப்பிட்டாள்.

“வந்துடுச்சுடா. மிச்சம் மீதி பெயிண்ட் இருந்தா கொண்டா.”

கதவுக்கும் கம்பிக்கும் அடித்தது போக மிஞ்சிய டப்பாக்களைக் கொண்டுவந்து போட்டான். ரோலர் மாட்டும் நீளக் கம்பியின் முனையில் பிரஷைக் கட்டித் தந்ததும் அவன்தான். ஆசைப்படுகிறாள், பொழுது போகட்டும் என்று நினைத்தான். பத்து நிமிஷம் வரைந்தால் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குவாள். முகமெல்லாம் பெயிண்ட் சொட்டும். நாலு மாதம் இப்படியே ஓடியது.

இரண்டாவது பட்டைக்கு ரோலரைத் தூக்கியபோது அக்கா உள்ளே வந்தாள். அந்த நாலு மாதமும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து பார்த்துக்கொண்டவள். மேலே பார்த்தாள். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இறங்குடா.”

“நேரமில்லக்கா.”

“இறங்கு. வந்து கட்டில்ல படு.”

“இப்ப விளையாட்டா? அம்மா படுத்திருந்த இடத்துல...”

“அங்கதான் படுக்கணும். நீ ஒரு நாளாச்சும் இங்க உக்காந்திருக்கியா? நின்னுக்கிட்டே பாத்துட்டு நின்னுக்கிட்டே போயிடுவே.”

சுருக்கென்று தைத்தது. இறங்கி வந்து படுத்தான். தலையணையில் தலை பட்டதும் மேலே இருந்த திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முகங்களாயின. கட்டிலைச் சுற்றிக் குனிந்து நிற்கும் முகங்கள், கீழேயிருந்து பார்த்தால் தெரிகிறபடியே. மூக்குத் துவாரங்கள், தாடைக்கு அடியில் தொங்கும் சதை, நோயாளி மட்டுமே பார்க்கிற மனிதர்கள். டாக்டரின் பொய்ச் சிரிப்பைத் தாடையிலேயே காட்டியிருந்தாள். இப்படி ஒரு படத்தை அவன் எங்குமே பார்த்ததில்லை.

வாசல் பக்கமாக அவனும் இருந்தான். காதில் செருகிய பென்சிலோடு கிளம்பத் திரும்பிவிட்ட முகம். ஆனால் கண் மட்டும் இன்னும் கட்டிலை விட்டு நகரவில்லை. அதைக்கூடப் பார்த்திருக்கிறாளே என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வெடித்தது. காலையிலிருந்து வராத அழுகை.

அக்கா அழவிட்டுக் காத்திருந்தாள். பிறகு வெள்ளைப் பட்டையைக் காட்டினாள். “அந்த மூலையில நான் இருந்தேன்டா.”

பதறி எழுந்தான். வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். வெள்ளைக்கு அடியில் இருப்பது எனாமல், கதவுக்கும் கம்பிக்கும் அடிக்கிற எண்ணெய் பெயிண்ட். வழவழப்பைத் தேய்த்து எடுக்காமல் அதன்மேல் தண்ணி பெயிண்ட் பிடிக்காது. தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட சங்கதி. துக்கத்தில் அடியோடு மறந்து தொலைத்திருந்தான். நல்லவேளை, காயவும் இல்லை. ஒரே துடைப்பில் அக்காவின் தாடை வெளியே வந்தது, அடுத்ததில் நெற்றியில் ஒட்டிய முடி.

“என்னப்பா, அடிக்கச் சொன்னா அழிச்சிட்டு இருக்கே?” என்று வந்த சித்தியைக் கையைப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினாள் அக்கா. சித்தி மேலே தேடித் தேடித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எனக்கு மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?” என்றாள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அப்படியே அவ குசும்பு.”

மத்தியானம் அம்மா கூடத்தில் கிடந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். அம்மாவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார், நல்ல கனத்த மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே தயங்கினார்.

“எந்தப் பக்கம் தம்பி தலை வைக்கணும்?”

“ஜன்னல் பக்கம் சார்” என்று சொல்லி, அவருக்காகத் தலையணையைத் தட்டிப் போட்டான்.