சஹனில் கை வைத்தவர்கள்

அரையாண்டுக்கு ஒருமுறை அந்த ஆஸ்பத்திரியில் டொக்டர்மாரின் வேலையை மதிப்பிடும் கூட்டம் நடக்கும். மதிப்பிடப்படுகிறவரே பகல் சாப்பாடு கொடுப்பது வழக்கம். கல்முனையில் பேர்போன சமையல்காரரிடம் சொல்லி, கோழியும் மாட்டிறைச்சியும் வட்டிலப்பமுமாகச் சஹன் எனப்படும் கூட்டுச் சோற்றுத் தட்டுகள் வந்து இறங்கும். ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து கையை வைத்துவிட்டு, எழும்பிப் போய் அந்த மனிதரைப் பற்றியே குறை எழுத யாருக்கு மனம் வரும்? ஆகவே எல்லா டொக்டரும் "மிகச் சிறப்பு". இந்தக் கணக்கில் பார்த்தால், அவர்களிடம் வந்து செத்துப்போகும் நோயாளிகள்தான் சரியில்லாதவர்கள்.

மயக்க மருந்து நிபுணர் றிஸ்னாவுக்கு இந்தச் சோற்றுக் கூட்டம் அறவே பிடிக்காது. அங்கிருந்த ஒரே சத்திரசிகிச்சை நிபுணர் சியாம் பின்னேரமானால் தனியார் கிளினிக்குக்குப் பறப்பவர். தான் வெட்டிய ஆளை மறுநாள் எட்டியும் பார்ப்பதில்லை. வீரமுனை வேலப்போடியின் வயிற்றுத் தையல் சீழ் பிடித்துப் பிரிந்தது; கவனிப்பாரில்லாமல் மனிதர் போய்ச் சேர்ந்தார். விசாரணை முடியும்வரை சியாம் கத்தியைத் தொடக்கூடாது என்று றிஸ்னா அவருடைய மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டு போனாள். கூட்டத் தலைவரான ஆஸ்பத்திரி அத்தியட்சகர் பதியுதீன் கையெழுத்து வைத்தால் போதும். அவர் விரலில் இன்னும் நெய் மினுங்கியது.

"தங்கச்சி, நம்மட ஊர்ப் புள்ளையல்லவா? கொஞ்சம் பாத்து நடங்க," என்றார் அவர். சியாமுக்கு "மிகச் சிறப்பு" கிடைத்தது.

அடுத்த கிழமை பதியுதீனின் மனைவி மர்ஷூதாவுக்குப் பித்தப்பை வீங்கிக் காய்ச்சலும் அடித்தது. சியாம் ஓடோடி வந்தார்.

"மாமிக்கு நானே செய்றன். வேற ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று ஒப்பரேஷன் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொன்னார்.

பதியுதீனுக்கு முகம் வெளிறிவிட்டது. சபையில் வாயாரப் புகழ்ந்த ஆளை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நேரே றிஸ்னாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, இவட இதயம் பலவீனம், இங்க மயக்கம் குடுக்க ஏலாது எண்டு எழுதுங்க. மட்டக்களப்புக்கு அனுப்பிருவம்."

"அவட இதயம் நல்லாத்தான் இரிக்கு டொக்டர்."

"அப்ப அந்த மனிசன்ட கையில குடுக்கச் சொல்றீங்களா?" பதறிப்போய்க் கேட்டார்.

"வேலப்போடியக் குடுத்தீங்கதானே."

றிஸ்னாவுக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அதே அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பொய் ஒண்டும் வேணாம். இதுல சைன் வைங்க. சேர்ஜன் இல்லாட்டி நோயாளிய மட்டக்களப்புக்கு அனுப்பத்தானே வேணும்."

கூட்டத்தில் வேலப்போடியின் பெயரையே காதில் வாங்காத மனிதர், இப்போது ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். றிஸ்னா அதைக் கைபேசியில் படமெடுத்தாள்.

மர்ஷூதாவை அம்பியுலன்ஸில் ஏற்றினார்கள். கூட ஏறப்போன பதியுதீன் திரும்பி வந்து, றிஸ்னாவின் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, இவ சுகமாகி வந்தாப் பொறகு அதக் கிழிச்சிரலாமா?"

"மாகாணச் சுகாதாரப் பணிப்பாளருக்கு அனுப்பிட்டன் டொக்டர்," என்றாள் றிஸ்னா. "போய் வைஃபுக்குப் பக்கத்துல இரிங்க."